டர்போ காருக்குப் பிளக் மாற்றுவதும் கேப் வைப்பதும்: பாலக்காட்டு எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என எந்த வழியாக எல்லையைத் தாண்டினாலும் இப்போது டர்போ பெட்ரோல் கார்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. போலோ ஜிடி, ஐ20 என் லைன், ஸ்லாவியா, விர்டஸ், எப்போதாவது ஓர் ஆக்டேவியா ஆர்எஸ். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆழியாறு வழியாக வால்பாறை ஏறுகிறார்கள். சிலர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டியை இறக்கிப் பார்க்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பிளக் என்றால் சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்; கேப் என்றால் அதன் இரண்டு எலெக்ட்ரோடு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி; பூஸ்ட் என்றால் டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம். பூஸ்ட் கூட்டிய இன்ஜினில் கேப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் மேட்டில் மிதிக்கும்போது தெரிந்துவிடும். அதனால் அளவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகவே பேசியிருக்கிறேன்.

அண்ணா, மேட்டுல மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா வண்டி வெட்டி வெட்டிப் போகுதுங்க. பிளக்குதானா?

பெரும்பாலும் ஆமாம். ஐடிலில் சுத்தமாக நின்று, மெதுவாக ஓட்டும்போது ஒரு குறையும் காட்டாமல், பூஸ்ட் முழுதாக ஏறும் இடத்தில் மட்டும் வெட்டினால் முதலில் பிளக்கையும் அதற்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலையும் பாருங்கள். இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே பொறி தாண்டத் தேவையான வோல்டேஜ், அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பொறுத்தது. ஃப்ரீட்ரிக் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1889-இல் கண்டு சொன்னது இது. 1 பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்று உள்ளே போகிறது. பிஸ்டன் அதை இன்னும் நெருக்குகிறது. கேப் மாறவில்லை, அழுத்தம் மட்டும் கூடிவிட்டது. காயில் கூடுதலாகத் தள்ள வேண்டும்; காயிலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பொறி விழாது, அல்லது காயிலின் அடியில் பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறையைத் துளைத்துக்கொண்டு, பிளக் திருகியிருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்குப் பாய்ந்துவிடும். பொறி விழுந்தாலும் சிலிண்டருக்குள் சுழலும் காற்று அதை ஊதி அணைப்பதும் உண்டு. ஆடி மாதம் நம் கணவாய்க் காற்றில் தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, வண்டியின் கணினியில் பதிந்த பிழைக் குறியீட்டைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் போதும். பி0301 வந்தால் முதல் சிலிண்டர், பி0302 வந்தால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றில் நிற்காமல் பலவற்றில் மிஸ் அடிக்கிறது, அதாவது பெட்ரோல் பற்றாமல் போகிறது. முதல் சிலிண்டர் என்று காட்டினால் அதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறையும் மூன்றாவதுக்குப் போய்விட்டால் காயில்தான். போகவில்லை என்றால் பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் தேட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே எல்லாக் காயிலையும் மாற்றச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உடனே காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய், அங்கே எரிந்து அதைக் கெடுத்துவிடும். அதன் விலையில் பல ஆண்டுகளுக்குப் பிளக் வாங்கலாம்.

கேப் எவ்வளவுங்க வைக்கணும்?

கம்பெனியில் வந்தபடியே ஓடும் வண்டி என்றால் கையேட்டில் உள்ள அளவுதான், பேச்சே வேண்டாம். டர்போ இல்லாத இன்ஜின்களில் 1.0, 1.1 மி.மீ. வரைகூட இருக்கும். டர்போ பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் 0.7, 0.8 மி.மீ. பக்கம் வரும். ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கணினியின் (இசியூ) மென்பொருளை மாற்றி, பூஸ்ட் கூட்டியவர்கள் பொதுவாக 0.6-க்கும் 0.7-க்கும் இடையில் வைக்கிறார்கள். அதைச் செய்துகொடுத்த உங்கள் டியூனர் ஓர் எண் சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும், ஏனென்றால் எவ்வளவு பூஸ்ட் எழுதியிருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். வெளிநாட்டு வீடியோக்களில் அங்குலக் கணக்கில் சொல்வார்கள்: 0.028 அங்குலம் 0.71 மி.மீ., 0.024 அங்குலம் 0.61 மி.மீ.

டியூனர் எதுவும் சொல்லாவிட்டால் 0.7-இல் தொடங்குங்கள். மேட்டில், அதிக கியரில், முழு மிதியில் வெட்டு இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். வெட்டினால் 0.05 குறைத்து மறுபடி பாருங்கள். "சின்ன கேப் வச்சா பிரச்சினையே வராது" என்று முதலிலேயே 0.5-க்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். கேப் குறைந்தால் முதலில் பற்றும் நெருப்புப் பொட்டும் சின்னதாகிவிடும். ஐடிலில் நடுங்கும், காலையில் ஸ்டார்ட் ஆகச் சுணங்கும், மைலேஜும் கொஞ்சம் விழும். மிஸ் அடிக்காமல் எவ்வளவு பெரிய கேப்பில் ஓடுகிறதோ அதுதான் உங்கள் வண்டியின் அளவு.

புது பிளக் கேப் வச்சுத்தானுங்க வருது, மறுபடி எதுக்கு அளக்கணும்?

பெட்டி லாரியில் குலுங்கி வருகிறது, கடையில் கீழே விழுகிறது, அலமாரியில் தலைகீழாக நிற்கிறது. ஒரே எண் பிளக் பல வண்டிகளுக்குப் போகும். அதில் வைத்து வரும் கேப் உங்கள் வண்டிக்கானதாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே பெட்டியில் வந்த நான்கை அளந்தாலும் சின்ன வித்தியாசம் காணலாம். நான்கும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். ஒன்று மட்டும் அகலமாக இருந்தால் அந்தச் சிலிண்டர்தான் முதலில் வெட்டும். கையில் இருந்து தரையில் விழுந்த பிளக்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், போடாதீர்கள். உள்ளே பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் வெளியே தெரியாது.

எதை வச்சு அளக்கறது? எப்படி வளைக்கறது?

வட்டக் கம்பி கேஜ் வாங்குங்கள். நாணயம் மாதிரி வட்டமாக, ஓரம் படிப்படியாகத் தடிக்கும் கருவியைச் சாவிக்கொத்தில் மாட்டி விற்பார்களே, அது இரிடியம் பிளக்குக்கு ஆகவே ஆகாது. அதைச் சுழற்றிச் செருகும்போது நடு முனையின் மேல் அழுத்தம் விழுகிறது. என்ஜிகே இரிடியம் பிளக்கின் நடு முனை 0.6 மி.மீ. தடிமன்; டென்சோ இரிடியம் பவரில் 0.4 மி.மீ.தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் நடுவில் பென்சில் லெட் மாதிரி ஒரு துளி நிற்கும். அதன் மேல் வளைந்து குனிந்திருப்பது தரை எலெக்ட்ரோடு. இரிடியம் கடினமானது, ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் சட்டென்று ஒடியும்.

ஆகவே வளைப்பது எப்போதும் மேல் கொக்கியை, அதாவது அந்தத் தரை எலெக்ட்ரோடை, மட்டும்தான். கேப்பைக் குறைக்க அதற்கென்றே வரும் கேப் இடுக்கி நல்லது. அது இல்லை என்றால் சுத்தமான மரக்கட்டையில் கொக்கியின் முதுகை நேராக, லேசாகத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை அளக்க வேண்டும். கூட்டுவதற்குக் கொக்கியை அதன் நுனியில் பிடித்து மேலே தூக்குங்கள். நடு முனையில் முட்டுக்கொடுத்து நெம்பக் கூடாது. நுண்முனைப் பிளக்கை வந்த அளவிலிருந்து 0.2 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். அதற்கு மேல் போனால் கொக்கி சாய்ந்துவிடும், முகம் முகத்தைப் பார்க்காது. அந்த அளவுக்கு வித்தியாசம் வேண்டுமென்றால் வேறு எண் பிளக் வாங்குவதுதான் சரி. இரண்டு, மூன்று கொக்கி உள்ள பிளக்குகளை வளைக்கவே வேண்டாம். கேஜ் கம்பி மெல்லிய உராய்வோடு நுழைந்து வர வேண்டும்; தொங்கவும் கூடாது, இறுகவும் கூடாது.

இரிடியமா, பிளாட்டினமா, காப்பரா?

"காப்பர் பிளக்" என்று கடையில் கேட்பது உண்மையில் நிக்கல் கலவை முனை உள்ள பிளக். செம்பு உள்ளே நடுத்தண்டில் வெப்பத்தைக் கடத்தத்தான் இருக்கிறது. இரிடியம் பிளக்கிலும் அதே செம்பு உண்டு. நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768-இல், இரிடியம் 2446-இல். அதனால்தான் இரிடியத்தை அவ்வளவு மெல்லிசாகச் செய்தும் தேயாமல் நிற்கிறது. முனை மெலிந்தால் மின்புலம் அங்கே குவியும், பொறி தாண்டக் குறைந்த வோல்டேஜ் போதும். பூஸ்ட் வண்டிக்கு இதுதான் உண்மையான லாபம். இரிடியம் போட்டதால் குதிரைத்திறன் கூடும் என்பதெல்லாம் இல்லை. தேய்ந்த பிளக்கால் போன இழுவை திரும்பி வரும், அவ்வளவே.

தினமும் பாலக்காடு, கோயம்புத்தூர் ஓட்டம் என்றால் இரிடியம். டிராக்குக்காகவே வைத்திருக்கும், அடிக்கடி டியூன் மாற்றும் வண்டி என்றால் நிக்கல் பிளக்கை மலிவாக வாங்கி அடிக்கடி மாற்றுவதும் நல்ல வழி.

ஹீட் ரேஞ்ச்னு சொல்றாங்களே, அது என்ன?

பிளக்கின் முனை எவ்வளவு வேகமாகச் சூட்டை ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதுதான். முனை 450 டிகிரிக்கு மேல் இருந்தால் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துவிடும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால் பொறி வருவதற்கு முன்பே முனையின் சூடே பெட்ரோலைப் பற்றவைக்கத் தொடங்கும் அபாயம். இந்த இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். என்ஜிகே, டென்சோ எண்களில் எண் கூடினால் "கோல்டு" பிளக், அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது. பாஷ் பிளக்கில் தலைகீழ்: எண் குறைந்தால் கோல்டு. கம்பெனி மாற்றி வாங்கும்போது இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். என்ஜிகே 6 போட்டவருக்கு ஒரு படி கோல்டு என்றால் 7.

75 முதல் 100 குதிரைத்திறன் கூட்டினால் ஒரு படி கோல்டு என்பது பழகிய கணக்கு. 1.0 லிட்டர் டர்போவில் ஸ்டேஜ் 1 ரீமேப் (வேறு பாகம் மாற்றாமல் செய்யும் முதல் படி) அவ்வளவு கூட்டுவதில்லை; டியூனர் வற்புறுத்தாத வரை ஸ்டாக், அதாவது கம்பெனியில் வந்த, ஹீட் ரேஞ்சே போதும்.

நம்மூர் மார்ச், ஏப்ரல் வெயிலுக்குக் கோல்டு பிளக் போட்டா நல்லதுங்களா?

வேண்டாம். பாலக்காட்டில் 40 டிகிரி அடிப்பது உண்மைதான், ஆனால் சிலிண்டருக்குள் நடக்கும் சூட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. வெயில் செய்வது வேறு: இன்டர்கூலர் காற்றைக் குளிர்விக்கச் சிரமப்படுகிறது, உள்ளே போகும் காற்று சூடாகிறது, நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) நெருங்குகிறது, இசியூ பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, பின்னுக்கு இழுக்கிறது, இழுவை குறைகிறது. அதற்கு 95 ஆக்டேன் பெட்ரோல் உதவும், சுத்தமான இன்டர்கூலர் உதவும். பிளக் உதவாது. பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று குட்டி ஓட்டம் ஓடும் வண்டியில் கோல்டு பிளக் போட்டால் முனை 450-ஐத் தொடாமலேயே கரி பிடித்து, மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். கொண்டையூசி ஏற்றத்தில் அதிக கியரிலேயே 1500 ஆர்பிஎம்மில் முழுசாக மிதிப்பதை விட்டுவிடுங்கள். நேரடி இன்ஜெக்ஷன் டர்போவுக்கு அதைவிடக் கெடுதல் எதுவும் இல்லை. கியரைக் குறைத்து ஏறுங்கள்.

வீட்லயே மாத்தலாமா? எப்படிங்க கழட்டறது?

நேரான நான்கு சிலிண்டர், மூன்று சிலிண்டர் வண்டியில் தாராளமாக மாற்றலாம். வேண்டியவை: காந்தம் அல்லது ரப்பர் வைத்த பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 மி.மீ., சிறிய பிளக்குக்கு 14 மி.மீ.), எக்ஸ்டென்ஷன், டார்க் ரெஞ்ச், காற்று அடிக்க ஏதாவது ஒன்று, டார்ச் லைட்.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தி விடிந்ததும் செய்வது உத்தமம். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது கழற்றினால் பிளக்கோடு மரையும் சேர்ந்து வரலாம். காயில் கனெக்டரின் பூட்டு, வெப்பத்தில் வெந்து முறுகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் விரலால் அழுத்தி எடுங்கள். காயிலை லேசாக இடமும் வலமும் திருகி நேராக மேலே இழுக்க வேண்டும்.

காயில் எடுத்ததும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டும் வண்டிகளில் நுண்ணிய கல்தூள் இருக்கும். களத்துக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் இன்ஜின் மேல் எலி கொண்டுவந்து சேர்த்த நெல் உமியைக்கூடப் பார்த்திருக்கிறேன். காற்று அடித்து அதை வெளியேற்றிய பிறகே பிளக்கைத் தொடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். ஒரு சிலிண்டரை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எடுத்த பிளக்குகளைச் செய்தித்தாளில் 1, 2, 3, 4 என்று எழுதி அந்தந்த இடத்தில் வையுங்கள்.

புதியதை ஏற்றும்போது ராட்செட்டைத் தொடாதீர்கள். பழைய பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் துண்டை பிளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்துத் திருகுங்கள். முதலில் எதிர்த்திசையில் ஒரு திருப்பு. மரை விழும் இடத்தில் "டிக்" என்று கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் கையில் வழுக்கும், பிளக் சுற்றாது. இரும்புச் சாக்கெட்டில் அந்த உணர்வு வராது.

எவ்வளவு முறுக்கணும்?

அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள எம்14 (14 மி.மீ. மரை) பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். எம்12 என்றால் 15 முதல் 20. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. டார்க் ரெஞ்ச் இல்லாத நிலையில், புது எம்14 வாஷர் பிளக்கை விரலால் இறுகும்வரை திருகி, அதன் பிறகு அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் 30 டிகிரி போதும். வாஷர் இல்லாத கூம்பு உட்காரல் பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்றுதான். குறைவாக முறுக்கினாலும் கெடுதல்: பிளக்கின் சூடு மரையும் உட்காரலும் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. தளர்ந்த பிளக் சூடாகி, முன்பற்றலில் கொண்டுபோய் விடும்.

மரைக்கு கிரீஸ் தடவலாமா?

வேண்டாம். நல்ல பிளக்குகள் ஏற்கெனவே பூச்சோடு வருகின்றன. ஆன்டி-சீஸ் என்ற மரைப்பசையைத் தடவினால் மரை வழுக்கி, ரெஞ்ச் 28 காட்டும்போது உள்ளே அதைவிட நிறைய இறுகியிருக்கும். காயிலின் ரப்பர் உறையின் உள்வாயில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு தடவலாம். அடுத்த முறை கழற்ற சுலபம், ஈரமும் ஏறாது.

பழைய பிளக்கைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

நிறைய. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நல்ல ஆரோக்கியம். மையைப் போல உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், அல்லது குட்டி ஓட்டம், அல்லது பிளக் அந்த வண்டிக்கு மிகவும் கோல்டு. ஈரமாக, பளபளப்பான எண்ணெய்க் கறுப்பு என்றால் வால்வு சீல், பிஸ்டன் ரிங், டர்போ சீல் இவற்றில் ஒன்று எண்ணெயை உள்ளே விடுகிறது. சுண்ணாம்பு வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு.

நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகைத் தூவினாற்போல் நுண்ணிய கரும்புள்ளிகள், அவற்றோடு சாய்த்துப் பார்த்தால் மின்னும் வெள்ளிப் பொட்டுகள். பூதக்கண்ணாடி வைத்தால் தெளிவாகத் தெரியும். அந்த மின்னல் பிஸ்டனின் அலுமினியம். நாக்கிங் பிஸ்டன் தலையைக் கொறித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதுப் பிளக் போட்டு மூடிவிட்டு ஓட்டக் கூடாது. டியூனைப் பழையபடி ஸ்டாக்குக்கு மாற்றி, பெட்ரோலின் தரம், இன்டர்கூலர், டைமிங் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே மறுபடி பூஸ்ட்.

வெளிப்பக்கம் பீங்கான், இரும்பு உடலைச் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் "கேஸ் லீக்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது உயர்மின்னழுத்தத்தால் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள் ஒட்டிய கறை. ஒன்றும் செய்ய வேண்டாம்.

குழிக்குள்ள எண்ணெய் நிக்குதுங்க. தண்ணியும் இருந்துச்சு ஒரு தடவை.

எண்ணெய் என்றால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட்டோ, பிளக் குழியின் சீலோ போயிருக்கிறது. துடைத்துவிட்டு கேஸ்கெட்டை மாற்றுங்கள். எண்ணெயில் ஊறிய காயிலின் ரப்பர் உறை உப்பி, பொறி கசியும். தண்ணீர் என்றால் பிரஷர் வாஷரை இன்ஜின் மேல் காட்டியிருப்பார்கள், அல்லது கண்ணாடிக்குக் கீழே உள்ள நீர்வழி இலைதழையால் அடைபட்டு ஜூன், ஜூலை மழை உள்ளே இறங்கியிருக்கும். அந்த வடிகாலை மழைக்கு முன்பே சுத்தம் செய்யுங்கள்.

மரை போயிடுச்சுன்னா ஹெட்டையே மாத்தணுமா?

இல்லை. ஹெலிகாயில் (போன மரைக்குள் பதிக்கும் கம்பிச்சுருள்) அல்லது முழு உலோக இன்செர்ட் போட்டுச் சரிசெய்யலாம். ஹெட்டைக் கழற்றாமல் செய்தால் உலோகத்தூள் சிலிண்டருக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளும் கைப்பழக்கம் உள்ளவரிடமே கொடுங்கள். பிளக்கின் மரை நீளமும் சரியாக இருக்க வேண்டும்: குட்டையாக இருந்தால் ஹெட்டின் மிச்ச மரையில் கரி அடைக்கும், நீளமாக இருந்தால் பிஸ்டனில் இடிக்கும்.

டூப்ளிகேட் பிளக்கை எப்படிக் கண்டுபிடிக்கறது?

நடு முனையை உற்றுப் பாருங்கள். அசல் இரிடியத்தில் முனை தனித் துண்டாக, சுற்றிலும் சீரான லேசர் பற்றுவைப்போடு தெரியும். போலியில் நிக்கலையே கூராக்கி விட்டிருப்பார்கள். எழுத்து மங்கல், பெட்டிக்குப் பெட்டி கேப் பெரிய வித்தியாசம், பாதி விலை, இவற்றில் எது இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கோயம்புத்தூரில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள்.

பிளக் மாத்தினதுக்கு எம்விடி (மோட்டார் வாகனத் துறை) ஃபைன் போடுமா?

அதே வகை பிளக் மாற்றுவது பராமரிப்பு. அதற்கு யாரும் கேட்கப்போவதில்லை. ரீமேப், சைலன்சர் போன்றவற்றில்தான் கவனம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கெடுபிடியானது. வாரன்டி உள்ள வண்டியில் ரீமேப் செய்தால் அதையும் இழக்க நேரிடும்.

எவ்வளவு கிலோமீட்டருக்கு ஒருமுறை?

ஸ்டாக் வண்டிக்குக் கையேட்டின் கணக்கு. ரீமேப் வண்டியில் இரிடியத்தை 10,000-க்கு ஒருமுறை கழற்றிக் கேப் அளந்து, 30,000-க்குள் மாற்றச் சொல்வேன். நிக்கல் என்றால் 10,000-லேயே மாற்றிவிடுங்கள். டிராக் நாளுக்குப் போய் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பிளக்கையாவது எடுத்துப் பாருங்கள், முதலில் காற்று அடித்துவிட்டு.